வேலையை விடும் முன் பே-ஸ்லிப்பைப் பாருங்கள்

அப்பாவோ அம்மாவோ, குழந்தைக்காக வேலையை விட நினைத்தால், க்ரெச் (குழந்தைக் காப்பகம்) கட்டணத்தைக் கைக்கு வரும் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். பிஎஃப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800. க்ரெச்சுக்கும் பஸ்ஸுக்கும் போக ஒன்றும் மிஞ்சாத மாதத்திலும் இந்த 3,600 ரூபாய் பிஎஃப், பென்ஷன் கணக்கில் ஏறிவிடும். 5 வருட சர்வீஸ் முடியச் சில மாதங்கள்தான் பாக்கி என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள், கிராஜுவிட்டி (பணிக்கொடை) கைநழுவிப் போகும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் க்ரெச் வசதி இருக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டம், எச்ஆரிடம் கேளுங்கள்.

பிஎஃப் பிடிக்காத வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு கைக்குழந்தைகளுக்கு இரட்டைக் கட்டணம் கட்டினாலோ, காய்ச்சல் சளி என்று சம்பளமில்லா லீவு ஏறிக்கொண்டே போனாலோ, வீட்டில் இருப்பதே லாபமாக இருக்கலாம்.