துருவப் பயணம்: இலக்கின் மயக்கத்தில் செய்யும் தவறுகள்

1909 ஜனவரி 9 அன்று எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார்கள். அதுவரை யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. தொடர்ந்து நடந்திருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம். திரும்பி வரச் சாப்பாடு இருந்திருக்காது. கொடியை நட்டுவிட்டுத் திரும்பினார்கள். நால்வரும் பிழைத்தார்கள். துருவப் பயண வரலாற்றிலேயே பெரிய சாதனைகளில் ஒன்றாக இந்தத் திரும்புதலைத்தான் சொல்ல வேண்டும்.

பல வருடத் தயாரிப்பு, வாங்கிய கடன், ஊரறியச் சொன்ன வாக்கு எல்லாம் சேர்ந்து ஆளை முன்னே தள்ளும். பசியும் களைப்பும் கூடினால் கணக்குப் போடும் புத்தி மங்கும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

திரும்பும் இடத்தை அங்கே போய் முடிவு செய்வது

'நிலைமையைப் பார்த்து முடிவெடுப்போம்' என்று கிளம்பாதீர்கள். புறப்படும் முன்பே மூன்று எல்லைகளை எண்ணாக எழுதி வையுங்கள். இந்தத் தேதிக்குள் இந்த அட்சரேகையைத் தொடவில்லை என்றால் திரும்புவது. உணவும் எரிபொருளும் இவ்வளவுக்குக் கீழே போனால் திரும்புவது. கால்விரலில் உணர்வு மீளவில்லை, வயிற்றுவலி ஓயவில்லை, எடை மளமளவென்று குறைகிறது என்றால், தூரம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் நிறுத்துவது. அந்தத் தாளின் ஒரு பிரதி தளத்தில் இருப்பவரிடம் இருக்கட்டும். 'போதும்' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

பிரிட்டனின் ஹென்றி வோர்ஸ்லி அண்டார்டிகாவைத் தனியாக, வெளி உதவியில்லாமல் கடக்கப் புறப்பட்டார். 71 நாள் கடந்தபின், முடிவுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் இருக்கும்போது மீட்பு விமானத்தை அழைத்தார். வயிற்றறையின் உள்ளுறையில் ஏற்பட்ட தொற்றால் 2016 ஜனவரி 24 அன்று சிலியில் மருத்துவமனையில் இறந்தார். அவரிடம் அனுபவத்துக்கும் துணிவுக்கும் குறைவே இல்லை. 'உதவியின்றி' என்ற அடைமொழிதான் இப்படிப்பட்ட பயணத்தில் பெரிய பொறி. ஒரு பொட்டலம் உணவை வாங்கினாலே சாதனை கணக்கில் சேராது என்ற நிலையில், உடம்பு சொல்வதைக் கேட்பதைத் தள்ளிப்போடத் தோன்றும்.

கணக்கில் இடைவெளி விடாதது

பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட்டின் குழு 1912 ஜனவரி 17 அன்று தென் துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் அழிந்தது. பெரிய காரணங்களைத் தேடுகிறவர்கள் சின்னவற்றைக் கவனிப்பதில்லை. நான்கு பேருக்கென்று கட்டிய உணவு, நான்கு பேருக்கான கூடாரம்; கடைசிக் கட்டத்தில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்தார்கள். ஐந்து பேருக்குச் சமைக்க அதிக நேரம், அதிக எரிபொருள். வழியில் வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களைத் திறந்தால் அளவு குறைந்திருந்தது. மூடியில் இருந்த தோல் வாஷர் இறுக்கமாக அடைக்காமல் எண்ணெய் கசிந்து ஆவியாகியிருந்தது. எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஸ்காட்டுக்கு முன்பே துருவத்தைத் தொட்ட நார்வேக்காரர் அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார்.

இன்னொன்று, ஸ்காட்டின் முக்கியமான உணவுக் கிடங்கு தெற்கு அட்சரேகை 80 பாகையில் வைக்கத் திட்டமிட்டு, அதற்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே வைக்கப்பட்டது. கடைசி மூவரும் இறந்த கூடாரம் அந்தக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.

இன்று கணக்குப் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5,000 முதல் 6,000 கலோரி, சுமார் ஒரு கிலோ உணவு, அதில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வரும் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் ஆளுக்குக் கால் லிட்டர். இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சாக்லேட்டையும் வெண்ணெயையும் வீட்டிலேயே சிறு துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். உறைந்த கட்டியைக் கடித்தால் பல் உடையும்.

கிடங்கு வைத்தால் அது திரும்பக் கிடைக்க வேண்டும். அமுண்ட்சென் 80 பாகைக் கிடங்கின் இரு பக்கமும், பாதைக்குக் குறுக்காக, எண்ணிட்ட கொடிகளை 10 வீதம் நட்டார். மூடுபனியில் வழி விலகினாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். அதன் எண் கிடங்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். அவ்வளவு கவனமானவரும் போட்டியின் பதற்றத்தில் 1911 செப்டம்பரிலேயே கிளம்பி, மைனஸ் 50 பாகை செல்சியஸுக்கும் கீழான குளிரில் தோழர்களின் குதிகால் உறைந்து திரும்ப நேர்ந்தது. அக்டோபரில் மறுபடி கிளம்பினார்.

எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றுவது

1912 டிசம்பரில் அண்டார்டிகாவில் டக்ளஸ் மாசனும் தோழர்கள் மெர்ட்ஸும் நின்னிஸும் அடங்கிய குழு நாய்கள் இழுக்கும் இரண்டு ஸ்லெட்ஜ்களோடு (பனிவண்டிகளோடு) பனிப்பிளவுகள் நிறைந்த நிலத்தில் போனது. விழுந்தால் முன்வண்டிதான் விழும் என்று எண்ணி, உணவில் பெரும்பகுதியையும் கூடாரத்தையும் பின்வண்டியில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் மெர்ட்ஸ் பனிச்சறுக்குக் கட்டையில், மாசன் ஸ்லெட்ஜில் உட்கார்ந்தபடி. இருவரும் பனிமூடிய பிளவைத் தாண்டிவிட்டார்கள். பின்னால் காலால் நடந்து வந்த நின்னிஸின் முழுப் பாரமும் ஒரே இடத்தில் அழுந்த, பிளவை மூடியிருந்த பனிப்பாலம் உடைந்து ஆளும் வண்டியும் நாய்களும் உள்ளே போயின. மெர்ட்ஸும் பிறகு வழியில் இறந்தார். மாசன் மட்டும் தளம் சேர்ந்தார்.

உணவு, அடுப்பு, எரிபொருள், தொலைபேசி ஆகியவற்றை வண்டிகளுக்குள் பிரித்து வையுங்கள். பிளவு இருக்கும் இடத்தில் கட்டையைக் கழற்றாதீர்கள், கயிற்றில் இணைந்தே நடங்கள்.

உடம்பைப் பற்றிய தவறுகள்

வியர்ப்பதுதான் முதல் எதிரி. உடுப்பிலும் தூக்கப்பையிலும் சேரும் ஈரம் பனிக்கட்டியாகி, நாளாக நாளாக வெப்பம் காக்கும் திறனைக் கெடுக்கும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகம். நின்றதும், சாப்பிடுவதற்கு முன்பே, தடித்த சட்டையைப் போடுங்கள். தூக்கப்பைக்குள் நீராவி புகாத உள்ளுறை வேண்டும்.

பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். உறைந்த திசு கிழியும். மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைப் புள்ளி தோன்றுகிறதா என்று நிற்கும்போதெல்லாம் ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டும், தனக்கே தெரியாது. ஆழமாக உறைந்தால் 37 முதல் 39 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைக்கலாம். ஆனால் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே கூடாது. உருகி உறைந்த விரலைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கூடாரத்தில் காற்றுத் துளையை அடைப்பது சத்தமில்லாத ஆபத்து. 1934ல் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ட் அண்டார்டிகாவில் தனியாகத் தங்கிய குடிலில் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறிச் சாகக் கிடந்தார். அடுப்பு எரியும்வரை மேல் துளை திறந்திருக்கட்டும்; அது பனியால் அடைபடாமல் தட்டிவிடுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே அடுப்பை அணைத்து வெளியே வாருங்கள்.

பனி நகர்வதை மறப்பது

இது வடதுருவத்துக்கு மட்டும். அங்கே காலடியில் இருப்பது கடல். 1827ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்லியம் பாரி வடக்கே நடக்க நடக்க, பனி அவரைத் தெற்கே கொண்டுபோனது. ஜிபிஎஸ்ஸில் படுக்கும்போதும் எழும்போதும் இடத்தைக் குறித்து, இரவு நகர்வைக் கணக்கில் சேருங்கள். பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

தளத்தோடு தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். இடம், உணவு எத்தனை நாள், எரிபொருள் எவ்வளவு, உடம்பு எப்படி ஆகிய நான்கையும் சொல்லி, எதிர்முனையில் எழுதச் செய்யுங்கள். எத்தனை அழைப்பு தவறினால் மீட்பு தொடங்கும் என்பதும் திரும்பும் எல்லைகளை எழுதிய அந்தத் தாளிலேயே இருக்கட்டும். வானிலை கெட்டால் விமானம் வர நாட்கள் ஆகலாம்.