வேலையோடு முதுமாணி: கிழக்கிலுள்ள தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கான வழிகாட்டி

மேற்படிப்பைத் தேடும் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஓ.ரி.) முதலில் கையிலுள்ள சான்றிதழின் தரத்தை அறிந்துகொள்ள வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேலை செய்யும் ஓ.ரி.க்களில் டிப்ளோமா முடித்தவர்களும் இருக்கிறார்கள், பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே வார்ட்டில் ஒரே வேலையைச் செய்தாலும், பல்கலைக்கழக அனுமதிப் பிரிவு அவர்களை வெவ்வேறு தட்டில்தான் வைக்கும்.

இலங்கைத் தகைமைச் சட்டகமான எஸ்.எல்.கியூ.எஃப். தகைமைகளை 12 மட்டங்களாகப் பிரிக்கிறது. டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, பொது இளமாணி 5, சிறப்பு இளமாணி 6. பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8. பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி 9, ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10. அதற்கு மேலே முதுதத்துவமாணியும் கலாநிதியும். முதுமாணிக்குள் நுழைய வழமையாக 5 அல்லது 6ஆம் மட்டப் பட்டம் வேண்டும். உங்கள் மூன்று வருட டிப்ளோமா எந்த மட்டமாகக் கணிக்கப்படும் என்பதை நீங்களாக ஊகிக்காதீர்கள். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பாடத்திட்டத்தை அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று ஒருவர் சொன்னது விண்ணப்பம் பரிசீலிக்கப்படும் நாளில் எதற்கும் உதவாது.

டிப்ளோமாவோடு இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பட்டத்தை முடித்துவிட்டு மேலே போவது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் தொழில்வழிச் சிகிச்சைக்கான சிறப்பு இளமாணிப் பட்டம் இருக்கிறது. வேலையிலிருப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஏதாவது வாயில் திறந்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். இரண்டாவது, டிப்ளோமாவையும் பல வருட அனுபவத்தையும் சேர்த்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டப்பின் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. பிரித்தானியாவில் சில இடங்கள் இதை ஏற்கின்றன. 60 கிரெடிட் சான்றிதழை நல்ல புள்ளியோடு முடித்தால் அதே பாடநெறியில் 120 கிரெடிட் டிப்ளோமாவுக்கும் 180 கிரெடிட் முதுமாணிக்கும் ஏறலாம்.

மூன்றாவதாக ஒரு வழியை முகவர்கள் காட்டுவார்கள்: ஒரு வருடத்தில் பட்டம் தரும் "டொப்-அப்". பணம் கட்டுவதற்கு முன், பட்டம் தரும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் ஏற்கப்பட்டதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். உள்ளூர் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, சான்றிதழில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்து விசாரிக்க வேண்டும். ஏற்கப்படாத பட்டத்தைப் பின்னர் எந்த விதத்திலும் திருத்த முடியாது.

பெயரில் ஏமாறாதீர்கள்

வேறு துறையில் பட்டம் பெற்றவரைத் தொழில்வழிச் சிகிச்சையாளராக்கும் முதுமாணிகள் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். அவற்றில் நீங்கள் ஏற்கெனவே படித்த உடற்கூற்றியலையும் களப்பயிற்சியையும் திரும்பப் பணம் கட்டிப் படிக்க நேரும். உங்களுக்குரியது, ஏற்கெனவே சிகிச்சையாளராகப் பதிவுபெற்றவர்களுக்கான, பதிவுக்குப் பின்னான முதுமாணி. பிரித்தானிய விவரத்தில் "ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்" என்றிருந்தால் அதை விடுங்கள், "போஸ்ட்-ரெஜிஸ்ட்ரேஷன்" அல்லது "அட்வான்ஸ்ட்" என்றிருந்தால் வாசியுங்கள். அமெரிக்காவில் அதே வேறுபாடு "என்ட்ரி-லெவல்", "போஸ்ட்-ப்ரொஃபெஷனல்" என்ற பெயர்களில் வரும். வெளிநாட்டில் பதிவுபெற்று வேலை செய்வதுதான் நோக்கமென்றால் அது வேறு பாதை. பதிவுக்குப் பின்னான முதுமாணி தானாகப் பதிவைத் தராது. பிரித்தானியாவில் சுகாதாரத் தொழிலாளரைப் பதிவுசெய்யும் எச்.சி.பி.சி.யின் பதிவுக்குத் தனி விண்ணப்பமும், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை கேட்கப்பட்டால் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாத புள்ளியும் வேண்டும். அந்தப் பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும் என்பதால் விண்ணப்பத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பரீட்சை எழுதுங்கள்.

இந்தியாவில் எம்.ஓ.ரி. என்ற இரண்டு வருடத் தொழில்வழிச் சிகிச்சை முதுமாணி வேலூர் சி.எம்.சி., சென்னைக்கு அருகிலுள்ள எஸ்.ஆர்.எம்., மணிப்பால் முதலிய இடங்களில் உண்டு. நோயாளரோடு தமிழிலேயே பேசிக் களப்பயிற்சி செய்ய முடிவது வேலூரிலும் சென்னையிலும் பெரிய வசதி. ஆனால் இவை முழுநேரப் படிப்புகள், இளமாணிப் பட்டம் இல்லாமல் நுழைய முடியாது. இந்திய அரசின் புலமைப்பரிசிலை நம்பித் திட்டமிடுபவர்கள் அந்த ஆண்டின் அறிவித்தலை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். மருத்துவமும் துணைமருத்துவமும் விலக்கப்பட்டிருந்தால் தொழில்வழிச் சிகிச்சையும் அதற்குள் அடங்கிவிடும்.

பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் ஒரு வருட முழுநேர முதுமாணிக்கு மட்டுமே. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும், முடித்தபின் இரண்டு வருடங்கள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர், நவம்பர் வாக்கில் மூடுவது வழக்கம். வேலையை விடாமல் படிக்க விரும்புபவர் பொதுநலவாயப் புலமைப்பரிசிலின் தொலைக்கல்விப் பிரிவைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் நாட்டுப் பட்டியலில் இலங்கையும், பாடநெறிப் பட்டியலில் உங்கள் துறையும் இருக்கின்றனவா என்பதே முதல் சோதனை.

மணிக்கணக்கு

எஸ்.எல்.கியூ.எஃப்.இல் பாடங்களுக்கு ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல், ஆய்வுக்கு அதைவிடக் கூடும். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள் அடக்கம். 30 கிரெடிட் முதுமாணி 1,500 மணி. இரண்டு வருடங்களில், அதாவது 104 வாரங்களில் முடிக்க வாரத்துக்கு 14 மணிக்கு மேல் வேண்டும். 60 கிரெடிட் முதுமாணி அதே இரண்டு வருடத்தில் வாரத்துக்குக் குறைந்தது 29 மணி கேட்கும். முழுநேர வேலையோடு இது முடியாது என்றே நாங்கள் சொல்வோம், மூன்றாவது வருடத்துக்கு இடம் தரும் பாடநெறியைத் தேடுங்கள். பிரித்தானியக் கிரெடிட் 10 மணி, ஆகவே 180 கிரெடிட் 1,800 மணி. மூன்று வருடப் பகுதிநேரத்தில் வாரத்துக்குப் பதினொன்றரை மணி.

கொழும்பில் சனி, ஞாயிறு வகுப்பு என்றால் வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் பயணத்தில் போகும். திங்கள் காலை கிளினிக்கில் நிற்பவருடைய நிலைமையையும் கணக்கில் எடுங்கள். இணையவழியில் பிரித்தானிய வகுப்பு பிற்பகல் 2 மணிக்கென்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த ஒரு மணி நேர வித்தியாசம் பெரியது.

கடதாசிகள்

இலங்கை மருத்துவ சபையின் பதிவுச் சான்றிதழ், நன்னிலைக் கடிதம், சேவைக் கடிதம், பெறுபேற்று அறிக்கை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. தடுக்கி விழுவது வேறு இடங்களில்.

களப்பயிற்சி மணி நேரம் அதில் முதலாவது. தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பான டபிள்யூ.எஃப்.ஓ.ரி. குறைந்தது 1,000 மணி களப்பயிற்சியை எதிர்பார்க்கிறது. பெறுபேற்று அறிக்கையில் புள்ளி மட்டும் இருந்து மணி இல்லாவிட்டால் வெளிநாட்டு அனுமதிப் பிரிவு கேள்வி கேட்கும். நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து, எந்த வைத்தியசாலை, எந்தப் பிரிவு, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுதிய கடிதம் எடுங்கள். வாரம் 36 மணிப்படி 28 வாரம் 1,008 மணி. இவ்வளவு நெருக்கமான கணக்கென்றால் ஒரு வாரம் விடுபட்டாலும் குறைந்துவிடும். கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் பாடநெறியோடு நீங்கள் முடித்த ஆண்டும் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், டிப்ளோமாவில் முதலெழுத்து மட்டும், திருமணத்துக்குப் பின் சேவைக் கோவையில் கணவர் பெயர் என்று நான்கு விதமாக இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். விண்ணப்பம் தொடங்கும் முன்பே எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது லீவு. அனுமதிக் கடிதம் வந்தபின் லீவு கேட்பவர் அநேகமாக அந்த ஆண்டின் இடத்தை இழப்பார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பவை. களுவாஞ்சிகுடி போன்ற ஆதார வைத்தியசாலைகளின் கோவை பிராந்தியப் பணிப்பாளர் வழியாகத் திருகோணமலையிலுள்ள மாகாணத் திணைக்களத்துக்குப் போகும். அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியப் பணிமனைகள் இருப்பதை மறக்க வேண்டாம். விடய எழுதுவினைஞரிடம் போய், கற்கை லீவு சம்பளத்தோடா இல்லாமலா, திரும்பி வந்து எத்தனை வருடம் கட்டாய சேவை, பிணைமுறியில் யார் ஒப்பமிட வேண்டும் என்ற மூன்றையும் தாபன விதிக்கோவையின்படி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் பதிலாள் யார் என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கான பதிலையும் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆய்வுக் கேள்வி

இதில்தான் கிழக்கில் வேலை செய்பவருக்குப் பலம் இருக்கிறது. உங்கள் நோயாளர் கிணற்றடியில் வாளியால் குளிப்பவர், பாயில் இருந்து எழும்புபவர், கையால் பிசைந்து சாப்பிடுபவர், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்ய வேண்டியவர், வாவியில் வலை வீசுபவர், மருதமுனையில் தறியில் நெய்பவர். அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வளவு சுயமாகச் செய்கிறார் என்பதை 100 புள்ளிக்குள் அளக்கும் பார்தெல் அளவுகோலின் 10 உருப்படிகளில் பல, குளியல் தொட்டியும் நாற்காலியும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒருவர் 90 புள்ளி பெற்றும் தன் வீட்டுக் கிணற்றில் குளிக்க முடியாமல் இருக்கலாம். இந்த இடைவெளியை ஆராய்வதே ஒரு முதுமாணிக்குப் போதுமான வேலை.

ஆனால் உருப்படியை நீங்களாக மாற்றிவிட்டுப் "பார்தெல் புள்ளி" என்று எழுதக் கூடாது. மாற்றியதும் அது வேறு அளவுகோல், பழைய நம்பகத்தன்மை அதற்குப் பொருந்தாது. இப்படியான ஆய்வுக்கு சி.ஓ.பி.எம். எனும் கனடிய செய்திறன் அளவுகோல் பொருத்தமானது. நோயாளரே தனக்கு முக்கியமான செயல்களைச் சொல்வார், அவற்றில் ஐந்து வரை தெரிவுசெய்து செய்திறனுக்கும் திருப்திக்கும் 1 முதல் 10 வரை புள்ளி இடுவார். 2 புள்ளி மாற்றம் சிகிச்சையில் பொருளுள்ளதாகக் கொள்ளப்படுகிறது. அது பதிப்புரிமை உள்ளது, படிவத்தை விலைகொடுத்து வாங்க வேண்டும். இயலாமையை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 படிவம் இலவசம், 12 உருப்படிகளிலும் 36 உருப்படிகளிலும் கிடைக்கும்.

தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருந்தாலும் சென்னையில் செய்தது மூதூர் தொடக்கம் பொத்துவில் வரை அப்படியே விளங்கும் என்று நினைக்காதீர்கள். புதிதாகச் செய்வதென்றால் ஒழுங்கு இது: இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இருவர் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், குழுவொன்று ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும், பிறகு 30 முதல் 40 பேரிடம் பரீட்சிக்க வேண்டும். அம்பாறை நகரில் தரவு எடுத்தால் சிங்களப் படிவமும் தேவை, செலவு இரட்டிக்கும்.

மாதிரி அளவில் பலர் 384 என்று எழுதிவிடுகிறார்கள். அது 50 வீதப் பரவல், 5 வீதப் பிழை, மிகப் பெரிய சனத்தொகை என்ற நிலையில் வரும் எண். உங்கள் கிளினிக்குக்கு வருடத்தில் வரும் பக்கவாத நோயாளர் 120 பேர் என்றால் 384ஐ, 1 கூட்டல் 383/120 என்பதால் வகுக்க 92 வரும். அதுவும் கிடைக்காது என்றால் வடிவத்தையே மாற்றுங்கள். மூன்று நோயாளரைக் கொண்ட தனிநபர் ஆய்வில், ஒவ்வொருவருக்கும் சிகிச்சைக்கு முன் குறைந்தது 5 அளவீடு எடுத்து, சிகிச்சையை மூவருக்கும் வெவ்வேறு வாரங்களில் தொடங்கினால் மாற்றம் சிகிச்சையால் வந்ததென்று வாதிடலாம். ஒரே நாளில் தொடங்கினால் அந்த வாதம் போய்விடும்.

ஒழுக்கநெறி அனுமதிக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் குழு இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் அனுமதியைத் தந்தாலும் இங்கும் எடுக்க வேண்டும், அதற்குமேல் வைத்தியசாலைப் பணிப்பாளரின் எழுத்து அனுமதியும். ஒரு கூட்டத்தில் திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்பு, ஆகவே மூன்று மாதம் ஒதுக்குங்கள். சிகிச்சை கொடுப்பவரே சம்மதமும் கேட்டால் நோயாளரால் மறுக்க முடியாது என்பதைக் குழு நிச்சயம் எழுப்பும். சம்மதம் கேட்க வேறொருவரை முன்கூட்டியே பெயரிடுங்கள்.

தரவு சேகரிப்பை நவம்பரிலிருந்து ஜனவரி வரை வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் படுவான்கரையிலிருந்து யாரும் வர முடியாது. பெரும்போக அறுவடையிலும் வருகை குறையும். நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று நோயாளருக்கு நேரத்தை மாற்ற வேண்டும். மே, ஜூன், ஜூலை இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்கும் மாதங்கள், அந்த மூன்று மாதத்துக்குள் முடியும்படி கேள்வியைச் சுருக்குங்கள்.

ஆய்வு முடிந்ததும் பணிப்பாளருக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றும், உரிமையாளர் அனுமதித்தால் மொழிபெயர்த்த படிவத்தின் பிரதியும் கொடுங்கள். களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ அடுத்ததாகச் சேரும் ஓ.ரி. அதிலிருந்து தொடங்கலாம்.