ஸ்பீக்கர் உள்ளடங்கிய டிவி ஸ்டாண்ட்: அளவு, அறுப்பு, இணைப்பு, சோதனை

டிவி ஸ்டாண்டைச் செய்து முடித்த பிறகு முன்பக்கம் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கரைத் திருகினால், பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கேட்கும்போதுதான் பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டிவரும். காரணம் எளிது. பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்தான் வூஃபர். அதன் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அலமாரியின் முதுகு திறந்திருந்தால் பின்பக்க அலை சுற்றிவந்து முன்பக்க அலையை அழித்துவிடும். ஆம்ப்ளிஃபையர் இருக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், ஸ்பீக்கர் இருக்கும் அறையில் ஊசிமுனை அளவு காற்றுகூடக் கசியக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பிரித்து வைப்பதுதான் இந்த வேலையின் முழுக் கணக்கும். அதனால் முதலில் வூஃபர், பிறகு அறையின் கொள்ளளவு, கடைசியாகத்தான் ஸ்டாண்டின் வெளி அளவு.

வூஃபரும் கொள்ளளவும்

இங்கே எடுத்துக்கொள்வது ஆறரை அங்குல, 8 ஓம் வூஃபர். அதற்குத் துணையாக, உயர்ந்த ஒலிகளைத் தரும் 25 மி.மீ. டோம் ட்வீட்டர். வூஃபரோடு வரும் தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எஃப்எஸ் (வூஃபர் தானாக ஒத்ததிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் லிட்டர்). இவை இல்லாத வூஃபரை வாங்காதீர்கள், பெட்டியை எந்த அளவில் செய்வது என்று கணக்கிடவே முடியாது.

மூடிய பெட்டிக்கான கணக்கு இது. 0.707-ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். மிச்சத்தால் விஏஎஸ்ஸை வகுத்தால் கிடைப்பது பெட்டியின் லிட்டர். எடுத்துக்காட்டாக க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 15 லிட்டர், எஃப்எஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால், 1.414-இன் வர்க்கம் 2, அதில் 1 போக 1; ஆக 15 லிட்டர். அந்தப் பெட்டியில் ஒத்ததிர்வு ஏறத்தாழ 71 ஹெர்ட்ஸில் அமையும். வசனம், பாட்டு, சாதாரணப் படச் சத்தம் எல்லாவற்றுக்கும் இது போதும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் தனி சப்வூஃபரைத் தரையில் வையுங்கள். ஸ்டாண்டுக்குள் சப்வூஃபரை அடைத்தால் டிவி, கண்ணாடிக் கதவு, செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து அதிரும்.

மூடிய பெட்டிக்குப் பதில், வேண்டுமென்றே குழாய்த் துளை வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்குமே என்று தோன்றலாம். ஆனால் டிவி ஸ்டாண்ட் எப்போதும் சுவரை ஒட்டித்தான் நிற்கும். சுவரே பேஸைக் கூட்டிக் கொடுக்கும், துளையும் சேர்ந்தால் சத்தம் கொழகொழத்துப் போகும். தவிர, மூடிய பெட்டியில் கொள்ளளவு ஒரு லிட்டர் முன்னே பின்னே போனாலும் காதுக்குத் தெரியாது. துளைப் பெட்டியில் அந்தச் சலுகை குறைவு.

பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி கையில் இருந்தால் அதன் வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் (ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) மூன்றையும் கழற்றிப் பயன்படுத்தலாம். முதன்முறை செய்பவர்களுக்கு உண்மையில் அதுவே நல்ல வழி. பழைய பெட்டியின் உள் அளவை அளந்து அதே லிட்டரைப் புதிய அறையிலும் கொடுங்கள். துளை இருந்த பெட்டி என்றால் அதே துளைக் குழாயையும் அதே நீளத்தில் வையுங்கள்.

ஸ்டாண்டின் அளவு

வெளி அகலம் 1500 மி.மீ., ஆழம் 400, பெட்டியின் உயரம் 400, கால் 80. இரு ஓரங்களிலும் 200 மி.மீ. உள் அகலமுள்ள ஸ்பீக்கர் அறை. நடுவில் 1028 மி.மீ. மிஞ்சும், அவ்வளவு நீளத்தைத் தாங்கலில்லாமல் விட்டால் டிவியின் கனத்தில் மேல் பலகை வருடங்கள் போகப்போகத் தொய்யும். நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்தால் 505 மி.மீ. வீதம் இரண்டு அறைகள் கிடைக்கும். 430 மி.மீ. அகல ஆம்ப்ளிஃபையர் அதில் தாராளமாக அமரும்.

ஸ்பீக்கர் அறையின் உள் உயரம் 364, அகலம் 200. ஸ்டாண்டின் முழு ஆழத்தையும் கொடுத்தால் அறை தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். அதனால் 220 மி.மீ. ஆழத்தில் ஒரு பின்பலகையை வைத்து அடைத்துவிடுங்கள். மூன்றையும் பெருக்கினால் 16 லிட்டர். வூஃபரின் உடல், உள்ளே வரும் சட்டங்கள், குறுக்குத் தாங்கல் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவு இடத்தைப் பிடிக்கும், நிகரமாக 15. முன்னால் ஸ்பீக்கரை மறைக்கும் துணிச் சட்டத்துக்கு 20, ஸ்பீக்கரைத் தாங்கும் முகப்புப் பலகை 18, அறை 220, பின்பலகை 18 போக, பின்னால் 124 மி.மீ. திறந்த இடம் கிடைக்கிறது. கிராஸ்ஓவர், அடாப்டர், வயர்ச் சுருள் எல்லாம் அங்கே மறைந்துகொள்ளும்.

அறுப்பு

2440 × 1220 அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் தாள் ஒன்று போதும். நீளவாக்கில் 400 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் 3 மி.மீ. தின்றாலும் இடம் இருக்கிறது.

முதல் பட்டை: மேல் பலகை 1500, 364 நீளத்தில் இரண்டு செங்குத்துப் பலகைகள்.
இரண்டாம் பட்டை: அடிப் பலகை 1500, 364 நீளத்தில் இரண்டு செங்குத்துப் பலகைகள்.
மூன்றாம் பட்டை: நடுத் தடுப்பு 364, 364 × 200 அளவில் இரண்டு பின்பலகைகள், 505 × 80 அளவில் இரண்டு முதுகுச் சட்டங்கள், மிச்சத்தில் 18 × 18 சட்டங்களும் குறுக்குத் தாங்கல்களும்.

முகப்புப் பலகைகள் இரண்டையும் 364 × 200 அளவில் 18 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வெட்டுங்கள். பிளைவுட்டின் நடு அடுக்கில் எங்காவது வெற்றிடம் இருந்து, வட்டம் வெட்டும்போது அது வெளிப்பட்டால் கசிவும் கரகரப்பும் வரும். எம்டிஎஃப்பில் அந்தத் தொல்லை இல்லை. அதன் தூசு மட்டும் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் இல்லாமல் ரவுட்டரை (மரத்தைக் குடையும் மின்கருவி) ஓட்டாதீர்கள்.

அறுக்கும் முன் பலகையின் தடிமனைக் காலிப்பரால் அளந்துவிடுங்கள். 18 என்று விற்பது பல சமயம் 17 அல்லது 17.5 தான் இருக்கும். நடு அறையின் அகலமும் முதுகுச் சட்டத்தின் நீளமும் அதற்கேற்ப மாறும். முகப்புப் பலகையையும் பின்பலகையையும் பெட்டியை ஒட்டி முடித்த பிறகு நேரில் அளந்து அறுப்பது இன்னும் நல்லது.

இணைப்பு

மரப்பசையும் 4 × 50 ஸ்க்ரூவும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூ பலகைகளை நெருக்கிப் பிடிப்பதற்கு, காற்றை அடைப்பது பசை. 150 மி.மீ. இடைவெளியில், விளிம்பிலிருந்து சரியாக 9 மி.மீ. உள்ளே, 3 மி.மீ. முன்துளை போட்டுத் திருகுங்கள். முன்துளை இல்லாமல் திருகினால் பிளைவுட்டின் விளிம்பு பிளந்து, அந்தப் பிளவு வழியே அறை காற்றை விடும்.

அடிப் பலகையில் ஐந்து செங்குத்துப் பலகைகளையும் நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்டுங்கள். அடுத்து ஸ்பீக்கர் அறைகளின் பின்பலகைகள். இவை வெறும் அடைப்பு மட்டுமல்ல. முதுகு திறந்த ஸ்டாண்ட் பக்கவாட்டில் சாய்ந்து கோணலாகிவிடாமல் பிடித்து நிறுத்துவதும் இவைதான். நடு அறைகளில் மேல் பலகைக்குக் கீழே முதுகுச் சட்டங்களை வையுங்கள். கடைசியில் மேல் பலகை.

ஒவ்வொரு ஸ்பீக்கர் அறையிலும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், இடச் சுவருக்கும் வலச் சுவருக்கும் குறுக்கே 40 மி.மீ. அகலத் தாங்கல் ஒன்றை ஒட்டுங்கள். சரி பாதியில் வேண்டாம். பாதியில் வைத்தால் மேலும் கீழும் சமமான இரு துண்டுகளாகி இரண்டும் ஒரே சுருதியில் அதிரும்.

உள் மூலைகள் எல்லாவற்றிலும் அக்ரிலிக் சீலன்ட்டை விரலால் இழுத்து விடுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி உலோகத்தை அரிக்கும். எந்த சீலன்ட் என்றாலும் ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே ஸ்பீக்கரைப் பொருத்துங்கள்.

முகப்புப் பலகை

மேலிருந்து 75 மி.மீ.யில் ட்வீட்டரின் மையம், 220 மி.மீ.யில் வூஃபரின் மையம். இரண்டும் நெருக்கமாக இருப்பது நல்லது. தள்ளிப் போனால் உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம் என்று கேட்கும். வெட்டு விட்டம் பெரும்பாலான ஆறரை அங்குல வூஃபர்களுக்கு 142 முதல் 146 மி.மீ. வரை இருக்கும். தாளில் உள்ளதை நம்பாமல் கையில் உள்ள வூஃபரையே அளந்து, 2 மி.மீ. தளர்வு கொடுங்கள்.

வூஃபரின் வெளி வளையம் பலகையோடு சமமாக உட்கார வேண்டுமென்றால், ரவுட்டரால் முதலில் ஆழம் குறைந்த பெரிய வட்டம், அதன் பிறகே ஊடுருவும் சிறிய வட்டம். வரிசை மாறினால் நடுத்துண்டு விழுந்துவிடும், ரவுட்டரைச் சுழற்ற மையப்புள்ளியே இருக்காது. வெட்டிய பின் வூஃபர் துளையின் உட்புற விளிம்பை, ஸ்க்ரூ வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, 45 பாகை சரித்துவிடுங்கள். அப்போதுதான் கூம்பின் பின்னால் உள்ள காற்று தடையின்றி நகரும்.

இந்த ஸ்டாண்டில் ட்வீட்டர் தரையிலிருந்து 39 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். சோபாவில் அமர்ந்தவரின் காது சுமார் ஒரு மீட்டரில் இருக்கும். 2.7 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 13 பாகை வித்தியாசம். வசனத்தின் தெளிவு அங்கேதான் குறைகிறது. முகப்பை 8 பாகை பின்னோக்கிச் சாய்த்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். மேல் விளிம்பு 51 மி.மீ. உள்ளே போகும், அறை 1.9 லிட்டர் சுருங்கும். அதை ஈடுகட்ட அறையின் பின்பலகையை 25 மி.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் இந்த ஸ்டாண்டில் வேறு எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தராது.

18 × 18 சட்டங்களை உள்ளே சுற்றிலும் ஒட்டி, அவற்றின் மேல் முகப்புப் பலகையைப் பசையோடு திருகுங்கள். முகப்பைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளின் உட்புறத்தில் ஃபெல்ட் துணி ஒட்டினால் ட்வீட்டரின் ஒலி அதில் பட்டுச் சிதறாது. மூடும் துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தங்குதடையில்லாமல் போனால் அது உதவும்.

கிராஸ்ஓவர்

2500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் இரண்டாம் நிலை லிங்க்விட்ஸ்-ரைலி என்னும் கிராஸ்ஓவர் அமைப்பு எளிமையானது. 8 ஓமுக்கு வூஃபர் பக்கம் 1.0 மில்லி ஹென்றி காயில் தொடரில், 3.9 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் குறுக்கே. ட்வீட்டர் பக்கம் அதே மதிப்புகள் இடம் மாறி, கெப்பாசிட்டர் தொடரில், காயில் குறுக்கே. இந்த அமைப்பில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸைக் கண்டிப்பாக மாற்றி இணைக்க வேண்டும். மறந்தால் 2500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலி குழிவிழுந்துபோகும்.

வூஃபரின் மின்தடை அதிர்வெண்ணோடு ஏறிக்கொண்டே போவதால், அதன் முனைகளுக்குக் குறுக்கே 7.5 ஓம் ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து அதைச் சமன் செய்யுங்கள். வூஃபரின் டிசி மின்தடை 6 ஓம், இண்டக்டன்ஸ் 0.5 மில்லி ஹென்றி என்றால் 9 மைக்ரோ ஃபாரட் சரிப்படும். ட்வீட்டர் கூச்சலாக இருந்தால் கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே தொடரில் 2.2 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 20 ஓம். 3 டெசிபல் குறையும். இரண்டு காயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் வைக்காதீர்கள், ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் ஏறும். 10 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள்.

கிராஸ்ஓவர் பலகையை அறைக்கு வெளியே, பின்பலகையின் முதுகில் பொருத்துங்கள். ரெசிஸ்டரை மாற்ற வேண்டிவந்தால் ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டியதில்லை. நான்கு வயர்கள் வரும் துளையைச் சூட்டுப் பசையால் நன்றாக அடையுங்கள்.

ஸ்பீக்கரைப் பொருத்தும் முன் அறைக்குள் 150 முதல் 200 கிராம் பாலியெஸ்டர் பஞ்சை உதறிப் பரப்புங்கள். அமுக்கி அடைக்க வேண்டாம். ஸ்க்ரூ முடுக்கும்போது கூம்பின் மேல் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூ டிரைவரை இழுக்கும், ஒரு சறுக்கலில் கூம்பு கிழிந்துவிடும்.

ஆம்ப்ளிஃபையரும் டிவியும்

டிபிஏ3116 சிப் உள்ள, இடம் வலம் என இருவழி ஆம்ப்ளிஃபையர் பலகையும் 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரும் இந்த ஸ்பீக்கருக்குத் தாராளம். மூடிய, தயாராகக் கிடைக்கும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரம் மரப்பெட்டிக்குள் திறந்த முனையாக எங்கும் வரக் கூடாது. பெரிய ஆம்ப்ளிஃபையர் என்றால் தலைக்கு மேல் 8 முதல் 10 செ.மீ. இடம் விடுங்கள்.

டிவியின் ஒலியை ஆப்டிகல் வயரில் (ஒளியாகக் கடத்தும் வயர்) எடுத்தால் டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பி டிஜிட்டலில் விட்டால் ஆப்டிகலை ஒலி மின்னலையாக மாற்றித் தரும் சாதாரணப் பலகை மௌனமாகிவிடும் அல்லது இரையும். ஆப்டிகலில் டிவி ரிமோட் பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்காது. அந்த வசதி வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் வசதி) உள்ள ஆம்ப்ளிஃபையராகப் பாருங்கள். கேபிள் டிவி இணைப்பு இருக்கும் இடத்தில் ஆர்சிஏ வயரில் (சிவப்பு, வெள்ளை முனை உள்ள வயர்) ஹம் என்னும் இரைச்சல் கேட்டால் ஆப்டிகலுக்கு மாறியதும் பெரும்பாலும் நின்றுவிடும். அதில் மின்தொடர்பே இல்லை.

சோதனை

முதலில் திசை. ஆம்ப்ளிஃபையர் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸோடு சேரும்போது கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். இடமும் வலமும் எதிர்த்திசையில் இருந்தால் வசனம் திரையின் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதப்பதுபோல் இருக்கும், பேஸும் காணாமல் போகும்.

அடுத்து கசிவு. கூம்பை விரல்நுனிகளால் சுற்றிலும் சமமாக மெல்ல உள்ளே அழுத்திவிட்டு விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் அறை இறுக்கம்; சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் வயர்த் துளையில், இல்லாவிட்டால் வூஃபர் வளையத்தின் கேஸ்கெட்டில் (காற்றை அடைக்கும் மெத்தைப் பட்டை).

கடைசியாக 40 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, ஸ்டாண்டில் எது கரகரக்கிறது என்று கையை வைத்துத் தேடுங்கள். அதிர்வது பலகையாக இருப்பது அரிது. தளர்ந்த வயர், துணிச் சட்டம், டிவியின் கால், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் இவைதான் வழக்கம். டிவியின் காலடியில் ரப்பர் துண்டும், துணிச் சட்டத்தின் பின்னால் ஃபெல்ட் பொட்டும் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஸ்டாண்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு கேஸ்கெட் சற்று அமுங்கியிருக்கும். வூஃபர் ஸ்க்ரூக்களைக் கால் சுற்று முடுக்கிவிட்டு, கூம்பை அழுத்திப் பார்க்கும் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.