கைவிட்ட முன்வாசல் பாத்தியைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி?

வீட்டுக்கு முன்னால் ஒரு பாத்தி. பாதி களை, பாதி இறுகிப்போன மண், நடுவில் எப்போதோ நட்டு மறந்துபோன ஒரு புதர். இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றியதும் நம்மில் பலர் நேராக நர்சரிக்குத்தான் போவோம். நானும் அப்படித்தான் போனேன், பூத்துக் குலுங்கியதையெல்லாம் வாங்கி வந்து அன்று மாலையே நட்டேன், அடுத்த மழையில் தண்ணீர் தேங்கி பாதிச் செடிகள் வேர் அழுகிச் செத்தன. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருக்கிற காசு மண்ணுக்குப் போகட்டும். செடிகளைப் பெரும்பாலும் காசில்லாமலே சேர்த்துவிடலாம்.

1. ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்

காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று வேளையும் பாத்தியில் எங்கே வெயில், எங்கே நிழல் என்று குறித்து வையுங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழுகிற இடம்தான் வெயில் செடிக்கு ஏற்றது. சுவரை ஒட்டிய பகுதியைத் தனியாகக் கவனியுங்கள், சுவர் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பி விடும், கூரை நீட்டிக்கொண்டிருந்தால் மழையும் அங்கே விழாது.

அப்புறம் ஒரு குழிச் சோதனை. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றி முழுதும் வடிய விடுங்கள். மறுபடியும் நிரப்பி, இந்த முறை மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2 முதல் 8 செ.மீ. வரை இறங்கினால் நல்லது. அதைவிடக் குறைவு என்றால் தண்ணீர் தேங்குகிற மண், பாத்தியை அரை அடியாவது மேடாக்க வேண்டும். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்தச் செடிகள் பிழைத்திருக்கும்.

2. களை எடுப்பது

சாதாரணக் களைகளை மண் லேசாக ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கினால் போதும். கோரையும் அறுகும்தான் சிக்கல். கோரைக்கு அடியில் கிழங்கு, அறுகுக்கு மண்ணுக்குள் ஓடும் தண்டு, இரண்டையும் மண்வெட்டியால் வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாக முளைக்கும். முள்கரண்டி மாதிரி இருக்கிற தோட்டக் கருவியால் மண்ணைக் கிளறி, கையால் தேடித் தேடிப் பொறுக்குங்கள், சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் வருஷம் முழுக்க அனுபவிக்க வேண்டும். பழைய புதரை உடனே தோண்டிப் போடாதீர்கள், காய்ந்த கிளைகளை வெட்டிவிட்டு ஒரு மாதம் பாருங்கள், பல புதர்கள் அடியிலிருந்து துளிர்க்கும்.

3. வடிவமும் விளிம்பும்

தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுத் தெருவிலிருந்து பாருங்கள், பிடித்த வளைவு வந்ததும் அந்தக் கோட்டில் மண்வெட்டியால் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுங்கள். விளிம்புக்குக் கல் வாங்க வேண்டாம், இந்த வாய்க்காலே பாத்தியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும், புல் உள்ளே வருவதையும் தடுக்கும்.

4. மண்: செலவு இங்கேதான்

மக்கிய எரு அல்லது கம்போஸ்டை 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்க வேண்டும். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்தி என்றால் 150 லிட்டர் தேவைப்படும், வாங்கப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். களிமண் என்றால் கொஞ்சம் மணலைச் சேர்த்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், அது இன்னும் கெட்டிப்படும், களிமண்ணுக்கும் மருந்து எருதான். ஒரு பிடி மண்ணைப் பிடித்தால் பிசுபிசுவென்று உருண்டு நிற்கிறதா, அன்றைக்குக் கொத்தவே வேண்டாம்.

5. செடிகளை எங்கிருந்து எடுப்பது

தெரிந்தவர் வீடுகளில் கேளுங்கள். செம்பருத்தி, வெட்சி, குரோட்டன்ஸ் எல்லாம் குச்சியிலிருந்து வரும். ரொம்பப் பிஞ்சாகவும் இல்லாமல் முற்றியும் போகாமல் 4 முதல் 6 அங்குலக் குச்சியாக, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் செருகி நிழலில் வையுங்கள். மேசை ரோஜா கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும், நித்தியகல்யாணி ஓரிடத்தில் இருந்தால் விதை விழுந்து பக்கத்திலேயே முளைக்கும். குத்தாக வளர்கிற செடிகளைப் பிரித்து நடலாம். அரளி வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம், குழந்தைகளும் நாய் பூனைகளும் நடமாடுகிற முன்வாசலுக்கு அது ஏற்றதல்ல.

பின்னால் உயரம், முன்னால் குட்டை. ஒரே வகையில் மூன்று, ஐந்து என்று சேர்த்து நட்டால்தான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வகைக்கு ஒன்று என்று நட்டால் நர்சரி அலமாரி மாதிரி ஆகிவிடும். வளர்ந்தபின் எவ்வளவு அகலமாகும் என்று கேட்டு அதற்கேற்ற இடைவெளி விடுங்கள், முதல் வருஷம் வெறிச்சென்று தெரிந்தாலும் பரவாயில்லை.

6. நடவும் மூடாக்கும்

மாலையில் நடுங்கள். தொட்டியை முதலில் நன்றாக நனைத்து, சுற்றிச் சுருண்டிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிட்டு, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் வையுங்கள். செடிகளுக்கு நடுவே டேப் உரித்த அட்டைப் பெட்டிகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஒரு சாண் ஏறும்படி விரித்து நனைத்து, அதன்மேல் காய்ந்த இலைகளை 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் காலியாக இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.

முதல் இரண்டு வாரம் மேல்மண் காயக் காயத் தண்ணீர். அப்புறம் தினம் தெளிப்பதை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள், வேர் கீழே போகும். கோரை அட்டையைக் குத்திக்கொண்டு வரத்தான் செய்யும். வாரம் ஒரு தடவை வாசலில் நிற்கும்போது, அது இரண்டு இலை விட்ட நிலையிலேயே கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.