மொரீசியஸ் போகிறவர்களுக்கு: ஐந்து வருடம் அங்கே இருந்தவன் சொல்வது

திருப்பூரிலிருந்து போய் மொரீசியஸில் ஒரு பின்னலாடை ஆலையில் ஐந்து வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். 2024-இல் ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு மாதம் ஒருவராவது போன் செய்து விடுகிறார்கள். கல்யாணம் முடிந்த சித்தப்பா மகன், பெற்றோரைக் கூட்டிப் போகும் நண்பன், கம்பெனி டூர் கிளம்பும் பழைய சக ஊழியர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்களிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காகித வேலை. சுற்றுலா போகும் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி, இந்த மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். விமானத்தில் உங்கள் போன் அணைந்துபோனால் அங்கே வரிசையில் நின்று தவிக்க வேண்டியிருக்கும். புறப்படும் முன் அரசின் இணையப் பயணப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு போங்கள், முக்கியமாகத் தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ எடுப்பவர்கள். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாடு மிகக் கடுமையானது.

அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். பெரும்பாலான இடங்களில் பிரிட்டன் பாணியில் சதுரமான மூன்று முள் பிளக் பாயின்ட்தான், அதற்கேற்ற அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிம் கார்டை விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டி வாங்கிவிடலாம்.

எப்போது போவது? மே முதல் அக்டோபர் வரை அவர்களுக்குக் குளிர்காலம். நமக்கு அது இதமான வெயில். ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை விடாமல் அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கே தங்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். தலைநகரத் தெருக்களில் வெள்ளம் கார்களைத் தள்ளிக்கொண்டு போனது. புயல் எச்சரிக்கையை ஒன்றிலிருந்து நான்கு வரை எண் சொல்லி அறிவிப்பார்கள். மூன்றாம் எண் வந்துவிட்டால் பஸ் நின்றுவிடும், கடை மூடிவிடும், எல்லாரும் வீட்டுக்குள். நீங்களும் அறையை விட்டு நகராதீர்கள். இரண்டாம் எண் வரும்போதே ரொட்டி, தண்ணீர், டார்ச் வாங்கி வைத்துவிடுங்கள். அலை பார்க்கக் கரைக்குப் போகவே கூடாது.

தங்குவது பற்றி என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. ஏழு நாளும் ஒரே ரிசார்ட்டில் கையில் பட்டை கட்டிக்கொண்டு கிடப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தீவு வடக்கு தெற்காகச் சுமார் 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர்தான். எங்கே தங்கினாலும் எங்கும் போய் வரலாம். மூன்று நாள் தென்கிழக்கில் மாயேபூர் பக்கம் தங்குங்கள். விமான நிலையம் அருகில், புளூ பே கடல் பூங்கா அதைவிட அருகில். அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகில் போனால் முதுகு நனையாமல் பவளத்தைப் பார்த்துவிடலாம். நீந்தத் தெரியாத என் அம்மா முழு ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. மீதி நாட்களை மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் கழியுங்கள். சூரியன் கடலில் இறங்குவது அந்தப் பக்கம்தான்.

ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாகப் படிக்காதீர்கள், பெரும்பாலும் அவை பிரெஞ்சுப் பெயர்கள். முதல் வாரம் நான் கண்டக்டரிடம் ‘கியூர்பைப்’ என்று நாலு தடவை சொன்னேன். பின்னால் இருந்த பள்ளிப் பையன்தான் ‘க்யூர்பீப்’ என்று எடுத்துக் கொடுத்தான். எழுத்தில் மஹேபர்க் மாதிரி இருக்கும், பேச்சில் மாயேபூர். தலைநகர் போர்ட் லூயிஸை அவர்கள் போர் லூயி என்பார்கள். பலகையைப் படித்துக் குழம்புவதைவிட, தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டு அன்றைக்குப் போகும் ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நல்ல பஸ். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கண்டக்டர், இறங்க மணி, ஜன்னலோரம் கரும்புக் காடு. சில்லறை எடுத்துப் போங்கள். மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்ப வேண்டாம். கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போர் லூயியிலிருந்து க்யூர்பீப் வரை மெட்ரோ ஓடுகிறது. க்யூர்பீப் மேட்டு ஊர். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே தூறும். மெல்லிய ஸ்வெட்டரும் குடையும் அங்கே தேவைப்படும். கார் வாடகைக்கு எடுத்தால் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டலாம், ஆனால் கிராமத்துச் சாலைகள் ரொம்பக் குறுகல். டாக்சியில் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யுபிஐ செல்லும். பெரிய கடைகளில் முயன்று பாருங்கள். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம்தான். அந்த ரொக்கம் கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் நின்று நோட்டைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருக்கும், அப்புறம் இந்தி. தொகை தமிழ் எண்ணிலும் இருக்கும். 1998-இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளியில் வந்த வழக்கறிஞர், அரசியல்வாதி. அதில் ஒன்றை அம்மா செலவழிக்கவே விடவில்லை. இப்போது வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சாப்பாடு. தெருவில் தால் பூரி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். கடலைப் பருப்பு போன்ற ஒரு பருப்பை வேகவைத்து அரைத்து மாவுக்குள் வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி. ஜோடியாகத்தான் தருவார்கள். நடுவில் அவரைக் குழம்பு, தக்காளித் தொக்கு, ஊறுகாய் வைத்துச் சுருட்டி, காகிதத்தில் கையில் கொடுப்பார்கள். ‘பிமா?’ என்று கேட்டால் மிளகாய் வேண்டுமா என்று அர்த்தம். நம் நாக்குக்குத் தாங்கும், ஆனாலும் முதல் தடவை கொஞ்சமாக. காத்தோ பிமா என்பது நம் பருப்பு வடையின் தம்பி. போர் லூயி மத்தியச் சந்தையில் ஆலுடா குடியுங்கள், குளிர்ந்த பாலில் சப்ஜா விதை மிதக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே பேசும் கிரியோல் மொழியில் ‘மோ பா மான்ஸ் லாவ்யான், மோ பா மான்ஸ் புவாசோன்’ என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன் என்று பொருள். வறுத்த நூடுல்ஸ் கடையில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாஸ் விழுந்துவிடும், தனியாகச் சொல்லுங்கள்.

காய்கறிச் சந்தை ஒன்றுக்குக் கட்டாயம் போங்கள். காத்ர் போர்னில் புதனும் சனியும் கூடும். போன புதிதில் கறிவேப்பிலையைக் கிரியோல் மொழியில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா ஒரு கொத்தை எடுத்து நீட்டி, ‘காரிபூலே?’ என்றார். பக்கத்துக் கட்டைக் காட்டினேன். ‘கொத்தோமிலி.’ பீர்க்கங்காயைத் தொட்டேன். ‘பிப்பாங்காய்.’ முருங்கைக் கீரையை அவரே தூக்கிக் காட்டினார்: ‘ப்ரெட் முரும்.’ அவர் தமிழர் அல்ல. அந்தத் தீவில் எல்லாருமே இப்படித்தான் சொல்கிறார்கள். சந்தைக் கூடைக்குள் நம் சொற்கள் கொஞ்சம் தேய்ந்து, உயிரோடு கிடக்கின்றன. அன்றைக்குப் பையை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் சமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சந்தைக்குத் துணிப்பை எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பைக்கு 2016-லிருந்தே தடை.

இதை ஒட்டி ஒரு வேண்டுகோள். அங்கே பிள்ளை, செட்டி, முத்து, ராமசாமி என்று பெயர் வைத்தவர்களைச் சந்திப்பீர்கள். ‘தமிழரா? தமிழ் பேசத் தெரியாதா?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கேட்டேன். என் பக்கத்து வீட்டில் ஒரு தாந்தி இருந்தார். வயதான பெண்களை அங்கே எல்லாரும் தாந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அறிமுகமான இரண்டாம் நாள் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சுவருக்கு அந்தப் பக்கம் தேவாரம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய பாட்டை விரல் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாக வந்தவர்கள், 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் என்று அந்த மக்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு போன பிறகும் பாட்டை விடாமல் வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டேன். அந்த வருடக் காவடிக்கு அவர்தான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். ‘வணக்கம்’ என்று சொல்லிக் கும்பிடுங்கள், போதும். அவர்களும் வணக்கம் சொல்வார்கள்.

தைப்பூசக் காவடி அங்கே தேசிய விடுமுறை. தமிழ்நாட்டில் அது அரசு விடுமுறையானது 2021-இல்தான். கோர் தெ கார்த் மலைச் சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குக் காவடிகள் படியேறுவதைப் பார்க்க விடியற்காலையிலேயே போய்விடுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார்ச் சாலையில் பாதம் பொரிந்துவிடும். அலகு குத்தியவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். விரதம் முடித்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். வாழையிலையில் செத் காரி, அதாவது ஏழு கறி போடுவார்கள். அதோடு வரும் ரசத்துக்கு ராசோன் என்று பெயர். காவடி புயல் காலத்தில் வருவதால் பயணத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போர் லூயியில் ஆப்ரவாசி காட் பார்க்காமல் வராதீர்கள். ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய துறை அது, 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். வார நாளில் காலையில் போங்கள். பதினாறு கல் படிகள் இருக்கும். அம்மா அதில் ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டுவிட்டுத்தான் ஏறினார்.

சமரேலின் ஏழு வண்ண மண், பாம்ப்ளமூஸ் தோட்டத்தின் தாம்பாள அல்லி, இந்துக்களின் புனித ஏரியான கங்கா தலாவ் இவையெல்லாம் எல்லா டூர் பட்டியலிலும் இருப்பவை, போகலாம். கங்கா தலாவுக்கு மட்டும் மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் காரில் கிளம்பாதீர்கள். தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் நடந்து வருவார்கள், சாலை நகராது.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரணாக நிற்பதால் உள்ளே தண்ணீர் குளம் போல இருக்கும். தெற்கே சூயாக், கிரி கிரி பக்கம் அந்த அரண் இல்லை. அங்கே அலையைப் பாருங்கள், காலை நனைக்காதீர்கள். மற்ற இடங்களிலும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டே இறங்குங்கள். கடல் முள்ளெலியின் முள் பாதத்தில் ஒடிந்துகொள்ளும். கல்மீன் என்று ஒன்று உண்டு, பாறை மாதிரியே கிடக்கும், குத்தினால் விஷம். குத்திவிட்டால் காலைப் பொறுக்கும் அளவு வெந்நீரில் வைத்து, உடனே 114-க்குப் போன் செய்யுங்கள், ஆம்புலன்ஸ் வரும். போலீசுக்கு 999. பவளத்தையோ சங்கையோ பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டாம்.

கிளம்பும் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் மாயேபூர் வாரச் சந்தையை முடித்துவிட்டு விமானம் ஏறலாம். அந்த ஊரில் செய்யும் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்குங்கள், கைப்பையில் வையுங்கள், எளிதில் நொறுங்கும்.