செம்பனை ஆலையில் மேல்நிலைக் கிரேனைக் கையாளும் முறை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களை ஒட்டியுள்ள செம்பனை ஆலைகள் பலவற்றில், ஆவியில் வெந்த பழக்குலைகள் நிறைந்த கூண்டை உயர்த்திக் கவிழ்ப்பது மேல்நிலைக் கிரேனின் அன்றாட வேலையாகும். வெட்டிய குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும் என்பதால், விளைச்சல் மிகுந்த மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது ஷிப்ட் தொடக்கச் சோதனைதான். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலில், சுமை ஏதுமின்றிக் கொக்கியை மெதுவாக மேலேற்றி, மேல் எல்லையில் லிமிட் சுவிட்ச் அதைத் தானாக நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுவிட்ச் ஆபத்துக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு முறையும் அதை நம்பிக் கொக்கியை நிறுத்துவது தவறான பழக்கம். அடுத்தது கம்பிவடம். ஆவியும் பழச்சாறும் படும் இடமாதலால், வெளியே கிரீஸ் பளபளத்தாலும் வடத்தின் உள்ளே துரு ஏறியிருக்கலாம். ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி வடத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றிவரும் நீளம்) 12 இழைகளோ, அதே நீளத்தில் ஒரே புரியில் (இழைகளை முறுக்கிய கற்றை) 4 இழைகளோ அறுந்திருந்தால் வடத்தை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்கத் தரநெறியான ஏ.எஸ்.எம்.இ. பி30.2 நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு. கிரேன் தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் கடுமையாக இருந்தால் கையேட்டையே பின்பற்றுக. கொக்கி மிகக் கீழே இறங்கிய நிலையிலும் உருளையில் குறைந்தது இரண்டு சுற்று வடம் மிச்சமிருக்க வேண்டும். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலோ, தாழ்ப்பாள் மூடாவிட்டாலோ அன்றைக்கு வேலை இல்லை.

உத்தரத்தில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் டன் கணக்கைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் அதிகம். அது கிரேனின் தாங்குதிறன் மட்டுமே. சுமையைக் கொக்கியில் மாட்டும் சிலிங்கின் தாங்குதிறன் வேறு. பழுதுபார்க்க ஒரு கியர்பாக்ஸைக் கழற்றி, 2 டன் எடையுள்ள அதை இரண்டு கால் சிலிங்கில் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். கால்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 1 டன் தாங்கும். கிடைமட்டத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் அது ஏறத்தாழ 1.15 டன்னாகவும், 45 பாகையில் 1.41 டன்னாகவும் உயரும். 30 பாகைக்குச் சரிந்தாலோ ஒவ்வொரு காலும் முழு 2 டன் இழுவையைத் தாங்க வேண்டிவரும். குட்டையான சிலிங்கை அகலமாக விரித்து மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். நீளமான சிலிங்கை எடுத்துவர ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கொக்கி சுமையின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வடம் உருளையின் பள்ளத்திலிருந்து விலகும், சுமையும் ஊசலாடும். தரையிலிருந்து சில அங்குலம் தூக்கியவுடன் நிறுத்தி, பிரேக் பிடித்து நிற்கிறதா, சுமை சரியாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலும் உயர்த்தவும். ஆடும் சுமையைக் கையால் பிடிக்காமல் வழிகாட்டிக் கயிற்றால் கட்டுப்படுத்தவும். தொங்கும் சுமையின் அடியில் யாரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. அதை அப்படியே விட்டுவிட்டு இயக்குநர் தேநீருக்குப் போவதும் கூடாது.

ஒரே ஷிப்டில் தமிழரும் மலாய்க்காரரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருப்பதால், இரைச்சலுக்கிடையே வாய்ச்சொல்லை நம்ப முடியாது. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டமிட்டால் உயர்த்து. கீழே நீட்டி வட்டமிட்டால் இறக்கு. உள்ளங்கை கீழ்நோக்கக் கையை நீட்டிக் கிடைமட்டமாக முன்னும் பின்னும் அசைத்தால் நிறுத்து. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும் இயக்குநர் கீழ்ப்படிய வேண்டும்.

கிரேனுக்கு மலேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை (ஜே.கே.கே.பி.) வழங்கிய தகுதிச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்பதை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரேனின் மீதேறிப் பழுதுபார்க்கும்போது முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை ஏறுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிவில் சுமையை இறக்கி, வெறுங்கொக்கியைத் தலைக்கு மேல் உயர்த்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, கண்ட குறையைப் பதிவேட்டில் எழுதுக. ‘வடம் சரியில்லை’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த இடத்தில் எத்தனை இழை அறுந்துள்ளது என்று குறித்தால்தான் அடுத்த ஷிப்டுக்கு அது பயன்படும்.