ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகர் ஆவது: சங்கத்துக்குச் சந்தா கட்ட முதல் பார்க்க வேண்டியவை

“அண்ணை, வீடு இன்ஸ்பெக்ஷன் செய்ய லைசன்ஸ் எங்கே எடுக்கிறது?” இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஒன்ராறியோவில் அப்படி ஒரு லைசன்ஸ் இல்லை. இங்கே தலைமுடி வெட்டச் சான்றிதழ் கட்டாயம். ஒரு குடும்பம் இருபத்தைந்து வருடக் கடனில் வாங்கும் வீட்டின் அத்திவாரத்தையும் கூரையையும் பற்றி அறிக்கை எழுத எதுவும் கட்டாயமில்லை. ஒரு ஏணியும் டோர்ச்லைட்டும் வாங்கிக்கொண்டு நாளைக்கே நீங்கள் இறங்கலாம், சட்டம் தடுக்காது.

சட்டம் எழுதப்படாமல் இல்லை. 2013இல் மாகாண அரசு ஒரு நிபுணர் குழுவிடம் அறிக்கை வாங்கியது. 2017 ஏப்ரலில் 59ஆம் இலக்கச் சட்டமூலம் நிறைவேறியபோது, அதற்குள் வீட்டுப் பரிசோதனைச் சட்டமும் இருந்தது. லைசன்ஸ், எழுத்து மூல ஒப்பந்தம், தனி மேற்பார்வை அமைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் நடைமுறைக்கு வரும் திகதியை அரசு பிரகடனம் செய்யவே இல்லை. புத்தகத்தில் இருக்கிற, வீதிக்கு வராத சட்டம் அது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009 முதலும் அல்பேர்ட்டாவில் 2011 முதலும் லைசன்ஸ் கட்டாயம். நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

இந்த இடைவெளியை நிரப்புவது சங்கங்கள்தான். ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் தன் பட்டம்தான் உயர்ந்தது என்று சொல்லும். நான் ஸ்காபரோ, ஏஜாக்ஸ் பக்கம் வீடு பார்ப்பவன். ஒரு சங்கத்தின் யாப்புக் குழுவிலும் இருந்திருக்கிறேன். எந்தச் சங்கம் நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்று சொல்கிறேன்.

பட்டம் வேறு, லைசன்ஸ் வேறு

முதலில் இந்த வித்தியாசம் மனதில் பதிய வேண்டும். லைசன்ஸ் என்றால், அது இல்லாதவர் அந்த வேலையையே செய்யக்கூடாது. பட்டப் பாதுகாப்பு என்றால், வேலையை யாரும் செய்யலாம், அந்தப் பெயரை மட்டும் போடக்கூடாது. ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்துக்கு 1994இல் மாகாண சட்டசபை ஒரு தனிச் சட்டம் இயற்றிக் கொடுத்தது. ‘ரெஜிஸ்டர்ட் ஹோம் இன்ஸ்பெக்டர்’, சுருக்கமாக ஆர்.எச்.ஐ., என்ற பெயரை அந்தச் சங்கத்தின் பதிவு பெற்ற உறுப்பினர்தான் இங்கே போடலாம். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்தச் சங்கம் தானே வைத்தவை. இன்ரர்நாச்சி என்ற பரிசோதகர் சங்கம் அமெரிக்காவின் கொலராடோவில் இருந்து நடக்கிறது, சோதனையும் படிப்பும் இணையவழி. 1976இல் தொடங்கிய ஆஷியும் அமெரிக்கச் சங்கம்தான். கனடாவுக்கென்று தேசிய மட்டத்தில் தரும் சான்றும் இருக்கிறது.

ஆக, விசிட்டிங் கார்ட்டில் ‘அரச அங்கீகாரம் பெற்ற’, ‘லைசன்ஸ்ட்’ என்றெல்லாம் போடாதீர்கள். வீட்டில் பிரச்சினை வந்து வாடிக்கையாளர் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கார்ட்டைத்தான்.

அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது?

சங்கத்தின் இணையத்தளத்தில் உள்ள பொன்னிற முத்திரையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டம் பெற்றவர் வீடு பார்ப்பதை வேறொரு பரிசோதகர் நேரில் நின்று பார்த்தாரா? சில பட்டங்களுக்கு மூத்தவர்கள் முன்னிலையில் ஒரு வீட்டை முழுதாகப் பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். சிலவற்றுக்குக் கணினி முன் இருந்து சரியான விடையில் அழுத்தினால் போதும். எழுத்துச் சோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுபதுகளில் கட்டிய ரவுன்ஹவுசில் அலுமினிய வயர் இருக்கக்கூடும் என்று படித்து வைத்திருப்பது ஒன்று. மின்சாரப் பனல் மூடியைக் கழற்றி அதைக் கண்ணால் கண்டு, வாங்குபவர் பயந்து ஓடாமலும் அலட்சியப்படுத்தாமலும் இருக்கும்படி எடுத்துச் சொல்வது இன்னொன்று. நேரடிச் சோதனைக்கு அதிகக் காசு கேட்டாலும், முடிந்தால் அந்த வழியால் போங்கள்.

அடுத்து, முறைப்பாட்டு விதி. ஓர் உறுப்பினர் மீது வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்? விசாரிப்பது யார், முடிவைப் பகிரங்கமாக வெளியிடுவார்களா, மேன்முறையீடு உண்டா? இதற்கு ஒரு பக்கத்துக்குக் கூட எழுத்து வைத்திருக்காத சங்கம் விளம்பரப் பலகை மட்டும்தான். அதேநேரம் விதி இருக்கிறது என்பதற்காக ஏமாறவும் வேண்டாம். ஒரே பகுதியில் உங்களோடு போட்டிக்கு வேலை செய்பவர் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தால், உங்கள் மீதான முறைப்பாட்டில் இருந்து அவர் விலக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் நல்ல பெயர் கெட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

காப்புறுதியில்தான் சங்க அரசியல் கடிக்கும்

இதை அவசரப்படாமல் வாசியுங்கள். பலர் சங்கத்தில் சேர்வதே குழுக் காப்புறுதிக்காகத்தான். தனியாக எடுப்பதை விட மலிவாகக் கிடைக்கலாம், நல்லதுதான். ஆனால் எங்கள் தொழிலுக்கான தவறு–விடுபாட்டுக் காப்புறுதி (பரிசோதனையில் விட்ட பிழைக்கோ கவனிக்காமல் விட்ட குறைக்கோ வரும் கோரிக்கைகளுக்கானது), நீங்கள் பரிசோதனை செய்த நாளில் பொலிசி இருந்ததா என்று பார்ப்பதில்லை. கோரிக்கை வரும் நாளில் பொலிசி உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இன்று பார்த்த வீட்டின் பேஸ்மென்டுக்குள் அடுத்த பனிக்காலம் முடிந்து தண்ணீர் வந்து, அதற்குப் பிறகு உங்களுக்குக் கடிதம் வரலாம். ஒன்ராறியோவில் வழக்குப் போட, குறைபாட்டை அறிந்த நாளில் இருந்து இரண்டு வருடம். அதன் வெளி எல்லை, சம்பவ நாளில் இருந்து 15 வருடம்.

இப்போது சங்கத்துக்குள் சண்டை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அணி பிரிந்து புதுச் சங்கம் தொடங்குகிறது. கோபத்தில் நீங்களும் வெளியேறுகிறீர்கள். குழுப் பொலிசி உறுப்புரிமையோடு கட்டப்பட்டிருந்தால் அது அன்றோடு முடியும். பழைய பரிசோதனைகள் அத்தனையும் காப்பில்லாமல் வெறுமனே நிற்கும். அதனால் கையெழுத்து வைக்க முதல் புரோக்கரிடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். உறுப்புரிமை நின்றால் பொலிசிக்கு என்ன ஆகும்? எந்தத் திகதிக்குப் பிறகு செய்த வேலைகளுக்குக் காப்பு உண்டு? விலகிய பின்னும் சில வருடங்களுக்கு நீட்டிக்க முடியுமா, என்ன விலை? சங்கம் மாறுவதானால் புதிய பொலிசி அதே பழைய திகதியை ஏற்றுக்கொண்ட பின்னரே பழையதை விடுங்கள். ரோஷத்தை அதுவரை சட்டைப்பைக்குள் வைத்திருங்கள்.

யாப்பைப் படியுங்கள்

பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனவருக்கு இந்த அரசியலைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. அதே நாற்காலிகள், அதே ‘நேரம் போய்விட்டது, அடுத்த விடயத்துக்குப் போவோம்’. வித்தியாசம், இங்கே உங்கள் சோறு அதில் தங்கியிருக்கிறது.

யாப்பில் நான் முதலில் தேடுவது வாக்குரிமை. மாணவ உறுப்பினர், இணை உறுப்பினர் என்று சந்தா வாங்கிக்கொண்டு வாக்கு மட்டும் கொடுக்காத வகுப்புகள் இருக்கும். சங்கத்தை நடத்தும் சபையின் உறுப்பினருக்குக் கால எல்லை உண்டா என்று அடுத்துப் பார்ப்பேன். அப்புறம் மிக முக்கியமானது: சபையில் இருப்பவர்களில் யார் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், யார் அறிக்கை மென்பொருள் விற்கிறார்கள்? ‘இனி இந்தப் பாடம் கட்டாயம்’ என்று தீர்மானிப்பவரே அந்தப் பாடத்தையும் விற்றால், அந்தத் தீர்மானத்தின் போது அவர் அறையை விட்டுப் போயிருக்க வேண்டும். கூட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்கான விடை.

பலருக்குத் தெரியாத ஒன்று, உறுப்பினருக்குச் சட்டமே பலம் தருகிறது. ஒன்ராறியோவின் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம் 2021 ஒக்டோபர் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாக்குகளில் பத்து வீதத்தை வைத்திருக்கும் உறுப்பினர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால், சபை பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். 21 நாட்களுக்குள் அழைக்காவிட்டால் கையெழுத்திட்டவர்களே கூட்டலாம். சபை உறுப்பினரைச் சாதாரணப் பெரும்பான்மையால் நீக்கலாம். சத்தியக் கடதாசி கொடுத்து உறுப்பினர் பட்டியலையும் கேட்கலாம், அதைச் சங்க அலுவலுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மத்திய அரசின் சட்டத்தில் பதிவான சங்கமென்றால் கூட்டம் கோர ஐந்து வீதம் போதும். தனிச் சட்டத்தால் உருவான சங்கத்தில் அந்தச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பதிவான சங்கத்துக்கு இவை எதுவும் செல்லாது. அங்கே உங்களுக்கு என்ன உரிமை என்று சேர முதல் கேளுங்கள்.

கணக்கறிக்கையைக் கூட்டத்தில் நீட்டும்போது புரட்டுவதில் பயனில்லை. முன்கூட்டியே கேட்டு வாங்கி, சட்டச் செலவு என்ற வரியைத் தேடுங்கள். திடீரென்று அது ஏறியிருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது.

லைசன்ஸ் வரும் நாளுக்காக

எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆனால் வந்தால் சண்டை எதில் தொடங்கும் என்று தெரியும்: ஏற்கெனவே தொழில் செய்பவர்களைச் சோதனை இல்லாமல் உள்ளே எடுப்பதா? யாருடைய பட்டத்தை ஏற்பது? பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆரம்பத்தில் லைசன்ஸ் எடுக்க, ஏற்றுக்கொள்ளப்பட்ட சங்கம் ஒன்றின் சான்று வேண்டியிருந்தது. அப்படி நடந்தால், பட்டியலில் இடம்பிடித்த சங்கத்தின் உறுப்பினர் வரிசையில் முன்னே நிற்பார். சங்கங்கள் அரசின் கதவைத் தட்டி ஒன்றை ஒன்று மட்டம் தட்டுவது இதனால்தான்.

எந்த அணி வென்றாலும் உங்கள் கையில் சான்று இருக்கட்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் திகதி, முகவரி, வீட்டின் வகை, கட்டிய காலம், அறிக்கை இலக்கம் என்று ஒரு பதிவேடு. பாடச் சான்றிதழ்களில் மணித்தியாலமும் பாடத்திட்டமும் இருக்க வேண்டும், வெறும் ‘பங்குபற்றினார்’ என்ற தாள் போதாது. காப்புறுதி இடைவெளி இல்லாமல் ஓடியதற்கான கடிதங்கள். உங்கள் அறிக்கையை 2016இல் வெளிவந்த சி.எஸ்.ஏ. ஏ770 என்ற, வீட்டுப் பரிசோதனைக்கான கனடியத் தரத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லாத தரம் என்பதால் நாளைய விதி அதைத் தொட்டுத்தான் வரும் என்பது என் கணிப்பு. இந்தப் பதிவுகளைச் சங்கத்தின் தளத்தில் மட்டும் விடாதீர்கள். உறுப்புரிமை நின்றால் அந்தக் கணக்கும் பூட்டப்படலாம்.

அரசு விதிமுறை வரைபை வெளியிட்டால், மாகாணத்தின் ஒழுங்குவிதிப் பதிவேட்டில் கருத்துக் கேட்பார்கள். ஒரு பக்கம் போதும். எத்தனை வருடம், எந்தப் பகுதியில், எப்படிப்பட்ட வீடுகள் பார்க்கிறீர்கள் என்று தொடங்குங்கள். பிறகு, வரைபின் எந்தப் பிரிவு உங்கள் வேலையில் எப்படித் தடக்கும் என்று பிரிவு இலக்கத்தோடு எழுதுங்கள். ‘எங்கள் தொழிலை அழிக்காதீர்கள்’ போன்ற வரிகளை அதிகாரி வாசிக்காமலே புரட்டுவார். பிரதியை உங்கள் தொகுதி எம்.பி.பி. (மாகாண சட்டசபை உறுப்பினர்) அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் சங்கமும் ஒரு கடிதம் அனுப்பும். அதில் ‘எமது உறுப்பினர் அனைவரும்’ என்று உங்களையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வாசித்து, எங்கே உடன்படவில்லையோ அதை உங்கள் கடிதத்தில் பெயர் போட்டுத் தனியே சொல்லுங்கள்.